புதுப்பித்த எம்ஜிபி இன்ஜினை முதல்முறை ஸ்டார்ட் செய்வது: அந்த 20 நிமிடம்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். உங்களிடம் இருப்பது 1970-ஆம் ஆண்டு எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். இன்ஜினை முழுவதும் பிரித்து, சிலிண்டரை 0.040 அங்குலம் ஓவர்சைஸுக்கு போர் செய்து, புது பிஸ்டன், புது ரிங், அரைத்த கிராங்க், புது பேரிங், வால்வுகளைத் திறக்கும் புது கேம் ஷாஃப்ட், அதன் மேல் உட்கார்ந்து மேலும் கீழும் போகும் புது டேப்பட் என்று எல்லாம் போட்டுக் காரில் இறக்கிவிட்டீர்கள். இன்னும் ஒருமுறைகூட ஓடவில்லை. ஒரு நண்பர், "ஸ்டார்ட் ஆனதும் அரை மணி நேரம் ஸ்லோவில் ஓடவிடு, புது இன்ஜினை விரட்டாதே" என்கிறார். இன்னொருவர், "ஸ்டார்ட் ஆன உடனே 2,000 ஆர்பிஎம்முக்கு மேலே கொண்டுபோ" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

இரண்டாவது நண்பர் பேச்சைக் கேளுங்கள். ஸ்டார்ட் ஆனதும் 2,000-க்கு மேலே கொண்டுபோய், 20 நிமிடம் அந்த வேகத்திலேயே ஓடவிடுங்கள். முதல் நண்பர் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் புது கேம் போட்ட இந்த இன்ஜினை அரை மணி நேரம் ஸ்லோவில் ஓடவிட்டால், அந்த அரை மணி நேரத்திலேயே கேம் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. அது ஏன் என்று தெரிந்துகொண்டால், அதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒவ்வொரு வேலையும் எதற்காக என்பது தானாக விளங்கிவிடும்.

எம்ஜிபியில் இருப்பது பி-சீரிஸ் இன்ஜின். 1,798 சிசி, நான்கு சிலிண்டர், பிளாக்கின் பக்கவாட்டில் கேம் ஷாஃப்ட், அதிலிருந்து டேப்பட், புஷ்ராட், ராக்கர் வழியாக வால்வு. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட எம்ஜிபிகள் செய்யப்பட்டன. இன்ஜினில் பல மாற்றங்கள் வந்தாலும் இந்த அமைப்பு மாறவே இல்லை. கிராங்க் பேரிங்குகளுக்கும் கேம் பேரிங்குகளுக்கும் ஆயில் பம்ப்பிலிருந்து அழுத்தத்தோடு ஆயில் போகிறது. ஆனால் கேமின் மூக்கும் (டேப்பட்டை மேலே தள்ளும் அதன் மேடு) டேப்பட்டின் அடிப்பாகமும் உரசும் இடத்துக்கு அப்படி நேரடி ஆயில் கிடையாது. கிராங்க் சுழலும்போது தெறிக்கும் ஆயிலும், மேலே ராக்கரிலிருந்து வழிந்து இறங்கும் ஆயிலும்தான் அதற்கு வாழ்வு. ஸ்லோவில், அதாவது 700, 800 ஆர்பிஎம்மில், அந்தத் தெறிப்பு மிகக் குறைவு.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கேம் மூக்கின் மேல் விழும் சுமை மெதுவாக ஓடும்போதுதான் அதிகம். வேகம் கூடும்போது டேப்பட், புஷ்ராட், வால்வு எல்லாம் மேலே எறியப்படும் வேகமே ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்கிறது. மூக்கின் உச்சியில் சுமை குறைகிறது. ஆக ஸ்லோவில் ஆயிலும் குறைவு, சுமையும் அதிகம். பழகிய கேமுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. புது கேமும் புது டேப்பட்டும் இன்னும் ஒன்றோடொன்று பழகவில்லை. கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் உரசித் தேய்ந்து, இரண்டு பரப்பும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். டேப்பட் தன் துளைக்குள் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் தேய்மானம் ஒரே கோட்டில் விழாமல் பரவும். அது சுழலாமல் நின்றுவிட்டால் கடினப்படுத்திய மேற்பரப்பு கிழிந்துவிடும். அந்தத் தோல் போய்விட்டால் உள்ளே இருப்பது மென்மையான இரும்பு. சில நூறு மைல்களில் மூக்கு மழுங்கிப்போகும். அரைந்த இரும்புத்தூள் ஆயிலோடு போய் உங்கள் புது பேரிங்குகளில் பதியும். இவ்வளவு செலவு செய்து கட்டிய இன்ஜினை மறுபடி முழுவதும் பிரிக்க வேண்டியிருக்கும்.

பழைய கேமையே, அதே டேப்பட்டுகளை அதே துளைகளில் போட்டுக் கட்டியவர்களுக்கு இந்த 20 நிமிடச் சடங்கு தேவையில்லை. புது கேமில் பழைய டேப்பட்டைப் போடுவதோ, பழைய டேப்பட்டுகளை இடம் மாற்றிப் போடுவதோ எந்த நிலையிலும் கூடாது. உங்களுடையது இரண்டுமே புதிது, அதனால் நல்லது.

சரி, ஸ்டார்ட் ஆன உடனே 2,000-க்கு மேல் போய் 20 நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும் என்றால் என்ன பொருள்? இன்ஜின் முதல் முயற்சியிலேயே பற்றிக்கொள்ள வேண்டும். பற்றிய பிறகு எங்காவது ஒழுகுகிறது, சூடாகிறது என்று நிறுத்த வேண்டிய நிலை வரக்கூடாது. செல்ஃபை நிமிடக்கணக்கில் அடித்துக்கொண்டே இருப்பதுதான் புது கேமுக்கு மிகப் பெரிய கேடு. 200 ஆர்பிஎம்கூட இல்லாத வேகம், தெறிக்கும் ஆயில் கிட்டத்தட்ட பூஜ்யம், கூடவே கட்டும்போது நீங்கள் கேமில் தடவிய மசகு பேஸ்ட்டும் வழித்துக்கொண்டு போகும். நான் முதன்முதலில் கட்டிய இன்ஜினில் இதுதான் நடந்தது. பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக்கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் 180 டிகிரி மாறி உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. செல்ஃப் அடித்தேன், கார்புரேட்டர் வழியாகப் பின்னால் வெடித்தது, மறுபடி அடித்தேன். பேட்டரி இறங்கி, சார்ஜ் போட்டு, மறுநாளும் அதையே செய்தேன். ஒருவழியாகத் தவறைக் கண்டுபிடித்து ஓடவைத்தபோது மகிழ்ச்சியில் ஸ்லோவில் விட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். சுமார் 600 மைலுக்குப் பிறகு ஒரு வால்வின் டேப்பட் இடைவெளி (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள சந்து) மட்டும் வாராவாரம் கூடிக்கொண்டே போனது. பிரித்துப் பார்த்தால் அந்த மூக்கு மற்றதைவிடக் கண்ணால் பார்த்தாலே தெரியும் அளவுக்குக் குட்டையாக இருந்தது. நான் கீழே இவ்வளவு நுணுக்கமாக எழுதுவது அந்த இன்ஜினை நினைத்துத்தான்.

முதலில் ஆயிலைப் பார்ப்போம். கடையில் கிடைக்கும் இன்றைய கார் ஆயில் வேண்டாம். உலோகமும் உலோகமும் உரசும் இடத்தில் காப்புப் படலம் போடுவது இசட்டிடிபி என்ற ஜிங்க், பாஸ்பரஸ் கலந்த சேர்மானம். கேடலிட்டிக் கன்வெர்ட்டரைப் பாஸ்பரஸ் கெடுக்கும் என்பதால், 2004-இல் வந்த ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய அமைப்பு) எஸ்எம் தரத்திலிருந்து 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களில் அதை 800 பிபிஎம்முக்குள் அடக்கிவிட்டார்கள். இன்றைய பல கார்களில் உரசும் இடத்தில் உருளை வைத்த ரோலர் கேம், அவற்றுக்கு அது போதும். உங்கள் கேமுக்குப் போதாது. பழைய கார்களுக்கென்றே விற்கும் ரன்னிங்-இன் ஆயிலை, மினரல் ஆயிலாகப் பார்த்து வாங்குங்கள். சிந்தெட்டிக் இப்போது கூடவே கூடாது. ரிங் பழக வேண்டிய நேரத்தில் அது வழுக்கிவிடும். ஃபில்டரோடு சேர்த்துச் சுமார் 4.25 லிட்டர் பிடிக்கும், ஆயில் கூலருக்கு இன்னும் கொஞ்சம். இதே ஆயில் 20 நிமிடம் ஓடிய பிறகு வெளியே போகப்போகிறது, அதனால் இரண்டு தடவைக்கு வேண்டியதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டும்போது கேம் மூக்கிலும் டேப்பட் அடியிலும் மாலிப்டினம் பேஸ்ட் தடவினீர்களா? தடவி எத்தனை மாதம் ஆயிற்று? மாதக்கணக்கில் ஆகியிருந்தால், பக்கவாட்டில் உள்ள இரண்டு டேப்பட் மூடிகளைக் கழற்றி உள்ளே தாராளமாக ஆயில் ஊற்றுங்கள். சில பி-சீரிஸ் பிளாக்குகளில் அந்த மூடிகளே இல்லை. அப்படியானால் ராக்கர் மூடியைக் கழற்றிவிட்டுப் புஷ்ராட் துளைகள் வழியாக ஊற்றலாம். அது கேம் மேல்தான் வழியும்.

அடுத்தது ஆயிலை பம்ப்பிலிருந்து பேரிங்குகள் வரை ஏற்றுவது. டிரையம்ப் டிஆர்6 என்ற இன்னொரு பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்களுக்கு இது சுலபம். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிவிட்டு, அந்தத் துளை வழியாக டிரில் மெஷினால் ஆயில் பம்ப்பைச் சுழற்றிவிடுவார்கள். எம்ஜிபியில் பம்ப்புக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் கேமிலிருந்து தனித்தனித் தண்டு, அதனால் அந்த வழி கிடையாது. ஆனால் வேறொரு வசதி இருக்கிறது. பம்ப்பிலிருந்து வரும் ஆயில் பிளாக்கின் பின்பக்கம் வெளியே வந்து, குழாய் வழியாக முன்னால் இருக்கும் கூலருக்குப் போய், அங்கிருந்து ஃபில்டருக்கு வந்து, அதன் பிறகுதான் பேரிங்குகளுக்கு ஆயிலைப் பிரித்தனுப்பும் மெயின் கேலரிக்குள் நுழைகிறது. கூலரில் இரண்டு குழாய்களையும் கழற்றுங்கள். பிளாக்குக்குப் போகும் குழாயில் பம்ப் வைத்த ஆயில் கேனால் ஆயிலை மெதுவாகச் செலுத்தினால் அது பின்வழியாக இறங்கிப் பம்ப்பை நனைக்கும். காய்ந்த பம்ப் காற்றை மட்டுமே இழுத்துக்கொண்டிருக்கும், நனைந்த பம்ப்தான் ஆயிலைப் பிடிக்கும். ஃபில்டருக்குப் போகும் குழாயிலும் முடிந்த அளவு செலுத்துங்கள். கூலரையும் நிரப்பி, குழாய்களைத் திரும்ப மாட்டுங்கள்.

பிறகு நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, காயிலுக்குப் போகும் வயரையும் கழற்றிவிட்டு, செல்ஃபை 10 நொடி அடித்து, அரை நிமிடம் விட்டு, மறுபடி 10 நொடி அடியுங்கள். பிளக் இல்லாததால் கம்ப்ரஷன் இல்லை, பேரிங் மேல் சுமையும் இல்லை. குழாய்களை முன்பே நனைத்திருந்தால் மூன்று, நான்கு தடவைக்குள் ஆயில் கேஜ் முள் எழ வேண்டும். டாஷ்போர்டில் இருக்கும் பழைய கேஜை மட்டும் நம்ப வேண்டாம். இன்றைக்கு மட்டும் ஒரு மெக்கானிக்கல் கேஜை நேரடியாக மாட்டுங்கள். ராக்கர் மூடியைத் திறந்து வைத்து, ராக்கர்களில் ஆயில் கசிவதையும் கண்ணால் பாருங்கள். ஆறு தடவை அடித்தும் முள் அசையவில்லை என்றால் அடிப்பதை நிறுத்திவிட்டுக் குழாய்க்குத் திரும்புங்கள். இந்தக் கட்டத்தில் அவசரம் கூடாது. அழுத்தம் வராத இன்ஜினை ஸ்டார்ட் செய்து வரவைத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள்.

டேப்பட் இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. எட்டு வால்வுக்கும் ஒன்பதாம் கணக்கு: எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்யலாம், ஏழாவது திறந்திருந்தால் இரண்டாவது. இரண்டின் கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பது.

இப்போது டைமிங்குக்கு வருகிறேன். இதற்கு ஒரு மாலைப் பொழுதை முழுதாக ஒதுக்கினாலும் தகும். பிளக்குகள் வெளியே இருக்கட்டும். காரை டாப் கியரில் போட்டு மெல்லத் தள்ளினால் கிராங்க் சுழலும். ரேடியேட்டர் பக்கம் இருப்பது ஒன்றாம் சிலிண்டர். அதன் பிளக் துளையில் ஒருவர் கட்டைவிரலை வைத்து அடைத்துக்கொள்ளட்டும். காற்று விரலைத் தள்ளும்போது வருவதுதான் கம்ப்ரஷன். அப்போது கிராங்க் புல்லியின் குறி மேல்நிலைக்கு, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடத்துக்கு, வருகிறதா என்று பாருங்கள். குறி மட்டும் பார்த்தால் போதாது, ஏனென்றால் எக்ஸாஸ்டின்போதும் குறி அதே இடத்துக்குத்தான் வரும். நான் தவறியது இங்கேதான். உறுதிசெய்துகொள்ள இன்னொரு வழி, ராக்கரைப் பார்ப்பது: ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருந்தால் நான்காம் சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் ஒன்று மூடும்போது மற்றது திறக்கும் நிலையில் ஆடிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் ரோட்டர் கை எந்த முனையைப் பார்க்கிறதோ அதுதான் ஒன்றாம் பிளக் வயர். அங்கிருந்து 1-3-4-2 வரிசையில், ரோட்டர் சுழலும் திசையில், அதாவது இந்த டிஸ்ட்ரிபியூட்டருக்கு இடஞ்சுழியாக, மற்ற வயர்களை மாட்டுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயிண்டின் இடைவெளி 0.015 அங்குலம். பிளக் இடைவெளி 0.025 அங்குலம். அப்புறம் மேல்நிலைக்கு 10 டிகிரி முன்னால் கிராங்கை நிறுத்துங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் லோ டென்ஷன் முனைக்கும் (காயிலிலிருந்து மெல்லிய வயர் வரும் முனை) எர்த்துக்கும் நடுவே ஒரு சின்ன பல்பை மாட்டி, இக்னிஷனைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் உடலை மெல்லத் திருப்புங்கள். பாயிண்ட் திறக்கும் அந்த நொடி பல்பு எரியும். அங்கே டைட் வையுங்கள். இவ்வளவு செய்தால் முதல் அடியிலேயே பற்றிக்கொள்ளும் அளவுக்கு டைமிங் துல்லியமாக இருக்கும். ஒரு சின்னக் கருத்து: இன்று புதிதாக விற்கும் ரோட்டர் கைகளும் கண்டென்சர்களும் சில நாளிலேயே போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். பிரிப்பதற்கு முன் நன்றாக ஓடிய பழைய கண்டென்சர் இருந்தால், முதல் ஓட்டத்துக்கு அதையே போடுவேன்.

இன்ஜின் எர்த் பட்டையை மறக்காதீர்கள். எம்ஜிபியில் இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கின்றன. பாடியோடு மின் தொடர்பு தருவது அந்த ஒரு பட்டைதான். அதை மாட்டாமல் செல்ஃப் அடித்தால், அவ்வளவு ஆம்பியரும் சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிள் பழுத்துப் புகையும். பக்கத்தில் பெட்ரோல் இருக்கும் இடத்தில் அது வேண்டாத வேலை. உங்கள் கார் 1970 என்பதால் நெகட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் நெகட்டிவ் முனைதான் பாடியோடு சேரும். 1967 வரை வந்த பழைய எம்ஜிபிகள் பாசிட்டிவ் எர்த். பழைய கார்க்காரர்கள் சொல்லும் மின் யோசனைகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சீட்டுக்குப் பின்னால் இன்னும் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளே இருந்தால் இரண்டையும் முழுதாக சார்ஜ் செய்யுங்கள்.

பெட்ரோல் புதிதாக இருக்கட்டும். டேங்கில் ஒரு வருடமாகக் கிடப்பதை இறக்கிவிடுங்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலே 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய்களை அது இளக்கிவிடும், எல்லாக் குழாயையும் மாற்றுங்கள். இக்னிஷனைப் போட்டதும் பின்னால் இருக்கும் எஸ்யூ மின்பம்ப் படபடவென்று அடித்து, ஃப்ளோட் சேம்பர்கள் நிரம்ப நிரம்ப வேகம் குறைந்து நிற்க வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது ஃப்ளோட் ஊசி மூடவில்லை. கண்டுபிடிக்காமல் ஸ்டார்ட் செய்யக்கூடாது.

இரண்டு எஸ்யூ எச்எஸ்4 கார்புரேட்டருக்கும் தொடக்க நிலை ஒன்றுதான்: பெட்ரோல் வரும் ஜெட்டைக் கார்புரேட்டர் வாயின் அடியில் உள்ள பாலத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, அடியில் உள்ள நட்டைப் பன்னிரண்டு முகம், அதாவது இரண்டு முழுச் சுற்று, கீழே இறக்குங்கள். மேலே உள்ள டேஷ்பாட்டில் ஆயில் ஊற்றுங்கள். அப்புறம் இரண்டு ஐடில் ஸ்க்ரூவையும் வழக்கத்தைவிட ஒன்றரைச் சுற்று கூடுதலாக முறுக்கி வைத்தால், இன்ஜின் பற்றியதும் ஸ்லோவுக்கு இறங்காமல் தானாகவே 1,500-ஐ ஒட்டி எழும்பும். மற்றதை ஆக்ஸிலரேட்டர் பார்த்துக்கொள்ளும். இந்த ஒன்றரைச் சுற்று என் அனுபவத்தில் மிகப் பெரிய உதவி.

தண்ணீர் ஊற்றும்போது ஹீட்டர் வால்வைத் திறந்து வையுங்கள், காரின் மூக்கைக் கொஞ்சம் உயர்த்தி நிறுத்துங்கள். தெர்மோஸ்டாட் தகட்டில் 3 மி.மீ. துளை ஒன்று போட்டிருந்தால் ஏர் பிடிப்பது வெகுவாகக் குறையும். மேல் குழாயைக் கையால் பிசைந்துகொடுத்து, மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருங்கள்.

இனி அந்த நாள். காரைக் கராஜுக்கு வெளியே, அல்லது குறைந்தது சைலன்சர் கதவுக்கு வெளியே நீட்டும்படி நிறுத்துங்கள். 20 நிமிடம் ஓடும் இன்ஜினின் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். பெட்ரோலுக்கு உகந்த தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் உள்ளே ஆக்ஸிலரேட்டரையும் கேஜையும் பார்க்க, ஒருவர் பானெட்டுக்கு முன்னால் ஒழுகலைப் பார்க்க. உள்ளே இருப்பவர் கையை இக்னிஷன் சாவியிலிருந்து எடுக்கக்கூடாது. ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு பெரிய வீட்டு ஃபேனை வையுங்கள். ஒரே இடத்தில் நிற்கும் காருக்கு 20 நிமிடம் என்பது கொஞ்சம் நேரமல்ல.

கியர் நியூட்ரலில் இருக்கட்டும், க்ளட்ச்சை மிதிக்காதீர்கள். மிதித்தால் கிராங்கை முன்னால் தள்ளும் சுமை இன்னும் ஆயில் படலம் உருவாகாத த்ரஸ்ட் வாஷர் மேல் விழும். சோக்கை இழுத்து, செல்ஃப் அடியுங்கள். மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்தால் இரண்டு மூன்று நொடியில் பற்றும். பற்றாமல் 10 நொடி போனால் நிறுத்துங்கள். மறுபடி அடிக்காமல், பிளக்கில் பொறி வருகிறதா, பெட்ரோல் வருகிறதா, டைமிங் மாறியதா என்று தேடுங்கள். எனக்கு அந்த நிதானம் இருந்திருந்தால் ஒரு கேம் பிழைத்திருக்கும்.

பற்றியதும் முதலில் ஆயில் கேஜைப் பாருங்கள். ஐந்து நொடிக்குள் அழுத்தம் வர வேண்டும். வராவிட்டால் சாவியைத் திருப்புங்கள். வந்துவிட்டால் நேரே 2,000 ஆர்பிஎம். குளிர்ந்த புது இன்ஜினில் கேஜ் 70, 80 பிஎஸ்ஐ காட்டினாலும் பயப்பட வேண்டாம். அப்புறம் ஒரே வேகத்தில் நிற்காமல் 2,000-க்கும் 2,500-க்கும் நடுவே மெதுவாக ஏற்றி இறக்கிக்கொண்டே இருங்கள். வேகம் மாறும்போது ஆயில் தெறிக்கும் திசையும் மாறும், எல்லா மூக்குக்கும் போய்ச்சேரும். இன்ஜின் சூடாக ஆரம்பித்ததும் சோக்கைப் படிப்படியாக உள்ளே தள்ளுங்கள். தேவைக்கு மேல் போகும் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும்.

முதல் ஐந்து நிமிடம் பயங்கரமாகப் புகையும். மேனிஃபோல்டின் பெயின்ட்டும், கட்டும்போது எங்கெங்கோ பட்ட ஆயிலும், சிலிண்டருக்குள் தங்கிய ஆயிலும் எரியும். வாசனையும் அப்படித்தான் இருக்கும். டேப்பட் சத்தம் கொஞ்சம் கேட்கும். இதற்கெல்லாம் நிறுத்த வேண்டாம். ஆயில் அழுத்தம் சட்டென்று விழுந்தால், அடியிலிருந்து கட்டை தட்டுவதுபோல் கனமான சத்தம் வந்தால், பெட்ரோல் எங்கே ஒழுகினாலும், வெப்பமானி 100 டிகிரியைத் தாண்டினால், உடனே நிறுத்துங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் இருட்டில் சிவப்பாக ஒளிர ஆரம்பித்தால் டைமிங் மிகவும் பிந்தி இருக்கிறது என்று பொருள்; ஓடும்போதே டைமிங் முந்தும்படி டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பலாம். சிலிண்டர் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்க இன்ஃப்ராரெட் வெப்பமானி இருந்தால் நல்லது. இந்த ஹெட்டில் எக்ஸாஸ்டுக்கு மூன்று வாய்தான்: ஒன்றுக்கும் நான்குக்கும் தனித்தனி, இரண்டும் மூன்றும் நடுவில் ஒன்றாகச் சேரும். ஓர வாய் ஒன்று குளிர்ந்திருந்தால் அந்தச் சிலிண்டர் பற்றவில்லை.

இடையில் நிறுத்த நேர்ந்தால் எல்லாம் போயிற்று என்று நினைக்காதீர்கள். குறையைச் சரிசெய்து, மறுபடி ஸ்டார்ட் செய்து, நேராக 2,000-க்குப் போய் மீதி நிமிடங்களை முடியுங்கள். ஒழுகலோடு ஓட்டித் தீர்ப்பதுதான் தவறு.

20 நிமிடம் முடிந்ததும் ஐடில் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஒரு நிமிடம் ஸ்லோவில் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். சூடான இன்ஜினில் ஸ்லோவில் 10 முதல் 25 பிஎஸ்ஐ, ஓட்டத்தில் 50 முதல் 80 பிஎஸ்ஐ என்பது தொழிற்சாலை தந்த அளவு. ஆயில் சூடாக இருக்கும்போதே வடித்துவிடுங்கள், ஃபில்டரையும் மாற்றுங்கள். பழைய ஃபில்டரை அறுத்துத் தாளை விரித்து வெயிலில் பாருங்கள். சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று இருப்பது நீங்கள் தடவிய மாலிப்டினம் பேஸ்ட், அது இருக்கத்தான் செய்யும். வெயிலில் மின்னும் நுண்துகள் கொஞ்சம் இருந்தாலும் கவலையில்லை. கையில் உணரும்படியான சில்லுகள் இருந்தால், அல்லது காந்தத்தில் தூள் கற்றையாக ஒட்டினால், டேப்பட் மூடியைத் திறந்து பார்க்க வேண்டிய நேரம்.

மறுநாள் காலையில், இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு, ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி 50 பவுண்டு-அடிக்கு டைட் வையுங்கள். சூடேறி ஆறியதில் காஸ்கெட் கொஞ்சம் அமுங்கியிருக்கும். சில காஸ்கெட்டுகளுக்கு இது தேவையில்லை என்று அதன் தயாரிப்பாளரே சொல்வார். உங்கள் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுச் செய்யுங்கள். ராக்கர் தூண்களும் இதே ஸ்டட்டுகளில் சிலவற்றில்தான் உட்கார்ந்திருக்கின்றன, அதனால் ஹெட்டை டைட் வைத்தால் டேப்பட் இடைவெளி மாறும். எட்டையும் திரும்பப் பாருங்கள். ஸ்ட்ரோப் லைட் வைத்து டைமிங்கைத் துல்லியமாக்குவதும், கார்புரேட்டர் கலவையைச் சரிசெய்வதும் இதற்குப் பிறகுதான்.

இப்போது கேம் தப்பித்துவிட்டது, ரிங் இன்னும் பழகவில்லை. இங்கேயும் முதல் நண்பரின் அக்கறை தவறான வழியைக் காட்டும். ஹோன் செய்த, அதாவது கல்லால் தீட்டிய, சிலிண்டர் சுவரில் குறுக்குக் கோடுகள் இருக்கின்றன. ரிங் அவற்றின் மேல் அழுந்தித் தேய்ந்தால்தான் இரண்டும் ஒட்டிப் பொருந்தும். ரிங்கை வெளியே தள்ளுவது அதன் சொந்த வளைவு மட்டுமல்ல, சிலிண்டருக்குள் எரியும் வாயுவும் ரிங்கின் பின்னால் புகுந்து அதைச் சுவரில் அழுத்துகிறது. சுமை இல்லாமல் மெதுவாக ஓட்டினால் அந்த அழுத்தம் இல்லை. சுவரில் ஆயில் பளபளப்பாகக் காய்ந்து கண்ணாடிபோல் ஆகிவிடும். அதன் பிறகு அந்த இன்ஜின் வாழ்நாள் முழுவதும் ஆயில் குடிக்கும். அதனால் அன்றே, கூட்டமில்லாத சாலை ஒன்றில், இன்ஜினை நன்றாகச் சூடாக்கிவிட்டு, மூன்றாம் கியரில் மணிக்கு 30 மைலிலிருந்து 50 மைல் வரை நன்றாக மிதித்து ஏற்றுங்கள், காலை எடுத்துவிட்டு அதே கியரிலேயே 30-க்கு இறங்க விடுங்கள். இறங்கும்போது உண்டாகும் வெற்றிடம் ரிங்குக்கு ஆயிலை இழுத்துக் குளிரவைத்து, அரைந்த தூளைக் கழுவும். இப்படி 10, 12 தடவை. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் போவதும், டிராஃபிக்கில் ஊர்ந்துகொண்டே இருப்பதும் இப்போதைக்கு வேண்டாம்.

முதல் 500 மைலுக்கு 4,000 ஆர்பிஎம்மைத் தாண்டாதீர்கள். ஆயில் மட்டத்தை ஒவ்வொரு பயணத்துக்கு முன்னாலும் பாருங்கள். ரிங் பழகப் பழகக் குறைவது நிற்கும். 500 மைலில் ஆயிலையும் ஃபில்டரையும் மறுபடி மாற்றி, ஜிங்க் நிறைந்த 20டபிள்யூ-50 ஊற்றுங்கள். அன்றைக்கே எட்டு டேப்பட் இடைவெளியையும் அளந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். 1,000 மைலில் மறுபடி அளந்து, பழைய தாளோடு ஒப்பிடுங்கள். எட்டும் அப்படியே இருந்தால் உங்கள் கேம் பொருந்திவிட்டது. ஒன்று மட்டும் கூடியிருந்தால், அதை 0.015-க்குத் திருப்பி வைத்து மறந்துவிடாமல், 100 மைலில் இன்னொருமுறை பாருங்கள். மறுபடியும் கூடியிருந்தால் காரை ஓட்டுவதை நிறுத்திவிட்டு அந்த டேப்பட்டை வெளியே எடுத்துப் பாருங்கள், அந்தத் தூள் பேரிங்குக்குப் போவதற்கு முன்.